நேலாங் கிராமத்து மக்கள்

நம் நாட்டின் வடக்கே இமயமலை இருக்கிறது. அங்கே உத்தராகண்ட் மாநிலத்தில் உத்தரகாசி என்ற மாவட்டம் உண்டு. கங்கோத்ரி கோயில் இந்த மாவட்டத்தில்தான் உள்ளது. கோயிலுக்குச் சற்று முன்னால் ஜாத் கங்கை என்ற ஆறு பாகீரதி ஆற்றோடு கலக்கிறது.

ஜாத் கங்கையை ஒட்டி மேலே ஏறினால் நேலாங் என்ற கிராமம் வரும். இன்னும் மேலே போனால் ஜாதுங் வரும். இரண்டும் சின்னக் கிராமங்கள். 11,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளவை. மலைக் கணவாயைத் தாண்டினால் திபெத்.

இங்கே வாழ்ந்தவர்களை ஜாத் மக்கள் என்பார்கள். அவர்கள் பேச்சு திபெத்திய மொழியைச் சேர்ந்தது. புத்தரையும் வணங்குவார்கள். ஊர்த் தேவதைகளையும் வணங்குவார்கள்.

அந்த உயரத்தில் கோடையில் மட்டும்தான் பயிர் செய்ய முடியும். பனி விழத் தொடங்கும் முன் மக்கள் கீழே இறங்கிவிடுவார்கள். டுண்டா போன்ற ஊர்களில் குளிர் காலத்தைக் கழிப்பார்கள். பனி உருகியதும் மீண்டும் மேலே போவார்கள். பிள்ளைகள், கிழவர்கள், ஆடுகள், பானை சட்டி எல்லாம் கூடவே போகும்.

பயிரை மட்டும் நம்பி அங்கே வாழ முடியாது. வியாபாரம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. மலைக்கு மேலே கடல் ஏது? ஆனால் திபெத்தின் ஏரிகளில் உப்பு கிடைத்தது. அந்த உப்பையும் கம்பளி மயிரையும் ஜாத் மக்கள் வாங்கி வந்தார்கள். இங்கிருந்து தானியம், வெல்லம், துணி கொண்டு போனார்கள். சுமை தூக்கியவை ஆடுகள்! ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் இரண்டு பக்கமும் சிறு பைகள் தொங்கும். மந்தை மந்தையாக ஆடுகள் கணவாயைக் கடக்கும்.

வழியும் லேசானது அல்ல. ஓரிடத்தில் மலை சுவர் போல நிற்கிறது. கீழே ஆறு. அந்தப் பாறையைக் குடைந்து, மரப் பலகை அடித்துப் பாதை போட்டிருந்தார்கள். அதன் பெயர் கர்தாங் கலி. கலி என்றால் இந்தியில் சந்து. அதன் நீளம் சுமார் 136 மீட்டர்.

1962-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. நேலாங்கும் ஜாதுங்கும் எல்லைக் கிராமங்கள். அதனால் மக்களைக் கீழே அனுப்பிவிட்டார்கள். ஒரே மாதத்தில் போர் நின்றது. சண்டை நடந்தது லடாக்கிலும் கிழக்கே இன்றைய அருணாசலப் பிரதேசத்திலும்தான். நேலாங் பக்கம் போர் வரவே இல்லை. ஆனாலும் மக்கள் அங்கே திரும்பிக் குடியேற முடியவில்லை. அந்த இடம் படை வீரர்களின் காவலில் வந்தது. திபெத் வியாபாரமும் அதோடு நின்றது.

ஜாத் மக்கள் ஹர்சிலுக்குப் பக்கத்தில் பகோரி என்ற ஊரில் குடியமர்ந்தார்கள். குளிர் காலத்தில் டுண்டாவுக்கு இறங்குவது மட்டும் மாறவில்லை. ஆடு வளர்த்தார்கள். கம்பளி நூற்றார்கள், நெய்தார்கள். ஆப்பிள் தோட்டமும் போட்டார்கள். பிழைப்பு நடந்தது. ஆனால் மேலே விட்டு வந்த வீடும் நிலமும்? அவற்றுக்கு இழப்பீடு வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டார்கள்.

உத்தராகண்டில் ஆள் இல்லாத கிராமங்கள் நிறைய உண்டு. 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் காலியாயின என்று 2018-இல் வந்த அரசு அறிக்கை சொன்னது. வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி தேடி அந்த மக்கள் தாங்களாகப் போனார்கள். நேலாங் மக்கள் அப்படிப் போனவர்கள் அல்ல.

தேவதைகள் மட்டும் மேலேயே இருந்துவிட்டன. லால் தேவதாவையும் ரிங்காலி தேவியையும் கும்பிட மக்கள் ஆண்டுக்கு ஒரு முறை அனுமதி பெற்றுப் போகிறார்கள். சொந்த ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு!

2015-இல் நேலாங் பள்ளத்தாக்கைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தார்கள். பகலில் போய் வரலாம், இரவு தங்கக் கூடாது என்பது அப்போதைய விதி. கர்தாங் கலியைச் செப்பனிட்டு 2021-இல் திறந்தார்கள். எல்லைக் கிராமங்களுக்கான ஒரு திட்டத்துக்கு மத்திய அரசு 2023-இல் ஒப்புதல் தந்தது. ஜாதுங்கில் இடிந்த வீடுகளைத் தங்கும் விடுதிகளாகக் கட்டும் வேலையும் எடுக்கப்பட்டது.

1962-இல் பத்து வயதுப் பிள்ளையாக இறங்கி வந்தவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் பிறந்தது நேலாங்கில் அல்ல. கோயில் பூசைக்குப் போகும்போது, எந்தக் கல் குவியல் எந்த வீடு என்று பெரியவர்கள்தான் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.