வருமானத்தோடு இன்னும் மூன்று கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பில் மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கற்பிக்கும்போது ஆயுட்காலம், கல்வி, வருமானம் என்ற மூன்றோடு நிறுத்திவிடுகிறோம். 1990 முதல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் கையாளும் அளவுகோல் இது.

பனி உருகிவரும் ஆர்க்டிக் பகுதிக்கு இது போதவில்லை. வேட்டையிலும் மீன்பிடியிலும் கிடைக்கும் உணவு வருமானக் கணக்கில் வராது. எனவே, 2004இல் வெளியான ஆர்க்டிக் மனித மேம்பாட்டு அறிக்கை மேலும் மூன்றை வலியுறுத்தியது: தம் வாழ்வைத் தாமே தீர்மானித்தல், பண்பாட்டைக் காத்தல், இயற்கையோடு நெருங்கி வாழ்தல். இவற்றை அளக்கும் வழிகளை 2010இல் வந்த ஆர்க்டிக் சமூகக் குறியீடுகள் அறிக்கை வகுத்தது. தாய்மொழி எந்த அளவு நிலைத்திருக்கிறது, உள்ளூர் உணவு எவ்வளவு உண்ணப்படுகிறது என்பன அவற்றுள் சில.

மணிமங்கலத்திலும் இதே நிலைதான். ஒரகடம் தொழிற்சாலைகள் மாதச் சம்பளம் தருகின்றன. ஏரியும் வயலும் தருபவை எந்தச் சம்பளச் சீட்டிலும் இல்லை. ஆகவே நான் மூன்று குழுக்களுக்கு மூன்று கேள்விகள் தந்தேன்.

1. வீட்டில் சமைக்கும் அரிசி, கீரை, மீனில் நம் ஊரில் கிடைத்தவை எவை? தாத்தா, பாட்டி காலத்தில்?

2. மதகு, கலங்கல், மடை, வாய்க்கால்: எத்தனை சொற்களுக்குப் பொருள் தெரியும்? (வெளிமாநில மாணவர்கள் தம் மொழிச் சொற்களைத் தரலாம்.)

3. கடந்த கிராம சபைக்கு வீட்டிலிருந்து யாரேனும் சென்றார்களா? பேசினார்களா?

விடைகளைப் பெயரின்றி வாங்கிக் கரும்பலகையில் தொகுத்தோம். குடும்ப வருமானத்தைக் கேட்க வேண்டாம். அது மாணவரைக் கூசவைக்கும். மூன்றாம் கேள்விக்கே மிகக் குறைவான 'ஆம்' வந்தது. அடுத்த கிராம சபை எப்போது என்று மாணவர்களே கேட்டார்கள்.

மதிப்பீடு: வருமானம் உயர்ந்தும் நல்வாழ்வு குறையக்கூடுமா? உங்கள் தொகுப்பிலிருந்து ஒரு சான்று தருக.