மணிக்கு எத்தனை ரூபாய்?

புதிதாக ஏ.ஸி. வாங்கி மாட்டிய வீட்டுக்காரரை உறவினர்கள் கேட்கும் முதற்கேள்வி, அது நன்றாகக் குளிர்கிறதா என்பதன்று. மணிக்கு எத்தனை ரூபாய் இழுக்கிறது என்பதுதான். இதற்கு விடையளிப்பவர்களும் தயங்குவதில்லை. ஐந்து ரூபாய் என்பார் ஒருவர். இரண்டு ரூபாய்கூட ஆகாது என்பார், அதே தெருவில் அதே சாதனத்தை வைத்திருக்கும் மற்றொருவர். இருவரில் ஒருவர் கணக்குத் தெரியாதவர் என்று கேட்பவர் தீர்மானித்துவிடுகிறார். தமிழ்நாட்டு மின்கட்டண முறையிலோ, இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கக்கூடும். அந்த விசித்திரத்துக்குப் போகுமுன், அதைவிட எளிதான ஒரு பிரமையை முதலில் தீர்த்துக்கொள்வது நலம்.

ஆயிரம் வாட் சக்தியை ஒரு மணி நேரம் உபயோகித்தால் ஒரு யூனிட் என்னும் பாலபாடம் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். ஆகவே, சாதனத்தின் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை, அதன் சுவிட்ச் போட்டிருக்கும் மணிகளால் பெருக்கிவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். விளக்குக்கும் விசிறிக்கும் இது பொருந்தும். தானே நின்று தானே ஓடும் சாதனங்களுக்கு அறவே பொருந்தாது. 2000 வாட் என்று பார்த்த மாத்திரத்தில் கீஸரைக் குடும்பச் சத்துருவாக பாவித்து, அது எரியும்போதெல்லாம் குளியலறைக் கதவைத் தட்டுகிற கிருகஸ்தர்கள், தலைக்கு மேலே இராப்பகலாகச் சுழலும் விசிறியைச் சந்தேகிப்பதே இல்லை. ஆனால் பதினைந்து லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 58 பாகைக்குச் சூடாக்க வேண்டிய மின்சாரம் அரை யூனிட்டுக்குச் சற்றே அதிகம். அந்தச் சூடு வந்ததும் கீஸர் தானாகவே நின்றுவிடும். 75 வாட் விசிறியோ இருபது மணி நேரத்தில் ஒன்றரை யூனிட்டை மௌனமாகச் செலவழித்துவிடும். இரண்டு மாதத்துக்குக் கணக்கிட்டால், தினம் ஒருமுறை காயும் கீஸருக்குச் சுமார் 31 யூனிட், விசிறிக்கு 90. வீட்டில் நால்வர் ஆளுக்கொரு தொட்டி வெந்நீர் செலவழிப்பவர்களாக இருந்தால் தராசு மறுபக்கம் சாயும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிரிட்ஜ் விஷயத்தில் இப்பிரமை இன்னும் பெரிதாகிறது. 150 வாட் என்று கண்டவர், இருபத்துநான்கு மணியால் பெருக்கி, நாளொன்றுக்கு 3.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 216 யூனிட் என்று கணக்கிட்டுத் திடுக்கிடுகிறார். அதன் கம்ப்ரஸர் இடைவிட்டு இடைவிட்டே ஓடுகிறது என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. கதவின்மேல் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்; ஒற்றைக்கதவுச் சிறு பெட்டிக்கு அது 200ஐ ஒட்டி இருப்பது சகஜம். அதாவது இரண்டு மாதத்துக்கு முப்பத்து சொச்சம். இரவில் அதை அணைத்து வைப்பவர்களோ, அணைத்த நேரத்தில் உட்புகுந்த வெப்பத்தையெல்லாம் காலையில் அதே கம்ப்ரஸர்தான் வெளியேற்ற வேண்டும் என்பதை மறந்து, அற்ப லாபத்துக்காகப் பாலைத் திரியவிடுகிறார்கள்.

இனி அந்த ஐந்து ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் வருவோம். கரண்ட் பில் தொகையை யூனிட்டுகளால் வகுத்து, வருகிற சராசரியைச் சாதனத்தின் யூனிட்டுகளால் பெருக்கினால் அதன் செலவு கிடைத்துவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். ஒரே விலைக்கு விற்கும் பண்டத்துக்கு அது நியாயமான வழி. மின்சாரமோ படிப்படியாக விலையேறும் பண்டம். 2022 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் அது சிறிது உயர்ந்ததாயினும் முழு எண்கள் கணக்குக்கு வசதி. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு முதல் 100 இலவசம் (இது 2016 முதல் கிடைத்துவரும் சலுகை), அடுத்த நூறு 2.25 ரூபாய் வீதம், அதற்கு மேல் 400 வரை 4.50, பிறகு 6. ஐந்நூறைத் தாண்டிய வீட்டுக்கோ அந்த 2.25 என்னும் சலுகைப் படியே இல்லை. 101லிருந்து 400 வரை 4.50 ஆகி, 400க்கு மேல் 6, 500க்கு மேல் 8, 600க்கு மேல் 9, 800க்கு மேல் 10, ஆயிரத்துக்கு மேல் 11 என்று ஏறுகிறது.

இரவு எட்டு மணி நேரம் ஓடி, மணிக்குச் சராசரியாக அரை யூனிட் எடுக்கும் ஒன்றரை டன் ஏ.ஸி. ஒன்றை மூன்று வீடுகளில் வைத்துப் பார்ப்போம். அறுபது இரவில் அது எல்லா வீட்டிலும் 240 யூனிட்டே செலவழிக்கிறது. ஏற்கெனவே நூறு யூனிட்டுக்குள் வாழ்ந்து ஒரு காசும் கட்டாதிருந்த வீட்டுக்கு இப்போது 340 யூனிட். கட்ட வேண்டியது 855 ரூபாய். 300 யூனிட்டுக்கு 675 ரூபாய் கட்டிவந்த நடுத்தரக் குடும்பத்தின் கணக்கு 540 யூனிட்டாகி, தொகை 2,270 ஆகிறது, ஏ.ஸி.யின் பொருட்டு ஏறியது 1,595. முன்னமே 700 யூனிட் செலவழித்து 3,650 கட்டிவந்த வீட்டில் அதே 240 யூனிட்டுக்கு 2,300 ரூபாய் கூடுகிறது. மணிக்கு இவ்வளவு என்று பார்த்தால் முதல் வீட்டுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. கடைசி வீட்டுக்கு ஏறக்குறைய ஐந்து. நடுவீட்டுக்காரர் சராசரி முறையில் கணக்குப் போட்டிருந்தாரானால், யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு, ஆக ஆயிரத்துச் சொச்சம் என்று எண்ணி, மீதி ஐந்நூற்றுச் சொச்சத்தை மீட்டர் பழுது என்று மின் வாரியத்தின்மேல் ஏற்றியிருப்பார். கூட்டுகிற சாதனத்துக்கும் குறைக்கிற சாதனத்துக்கும் உரிய விலை கணக்கின் உச்சிப்படியின் விலையே. சராசரியை அதன் அருகில் கொண்டுவருவதே பிசகு.

இவற்றிலெல்லாம் விந்தையானது அந்த ஐந்நூறாவது யூனிட். அதில் நின்றுவிட்டவர் கட்டுவது 1,725. இன்னும் ஒரே ஒரு யூனிட் ஓடவிட்டவர் கட்டுவது 1,958. அந்த ஒரு யூனிட்டின் கிரயம் 233 ரூபாய். அதை எரித்தது மிக்ஸியா, இஸ்திரிப் பெட்டியா என்று வீட்டில் விசாரணை நடத்துவது வீண்; ரீடிங் எடுக்க ஆள் வரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மீட்டரை எட்டிப் பார்ப்பதில் பிரயோசனம் உண்டு.

சில்லறை நம்பிக்கைகள் சிலவுண்டு. குழல் விளக்கை அணைத்து ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் எரிவதைக் காட்டிலும் அதிகம் செலவாகும் என்பது வெறும் கட்டுக்கதை. ஏ.ஸி.யைப் 16 பாகையில் வைத்தால் அறை விரைவில் குளிரும் என்பதும் அப்படியே; பழைய மாதிரி இயந்திரம் எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் வெப்பத்தை வெளியேற்றும், 24ல் நிற்க வேண்டியது 16ஐத் தேடி நெடுநேரம் ஓடும். விசிறியை மெதுவாக வைத்தால் மிச்சமில்லை என்பதில் மட்டும் பாதி உண்மை இருந்தது: சுவரிலிருந்த அந்தப் பெரிய பழைய ரெகுலேட்டர், விசிறிக்குக் குறைத்த சக்தியில் ஒரு பகுதியைத் தானே சூடாகிக் கழித்துவிடும். இப்போதைய சிறிய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்த விரயம் சொற்பம்.

அனுமானத்தை விட்டுப் பிரத்தியட்சமாகப் பார்க்க விரும்புவோருக்கு மீட்டரே போதும். அதன் முகத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். யூனிட் ஒன்றுக்கு எத்தனை துடிப்பு என்பதும் பக்கத்தில் அச்சிட்டிருக்கும், 3200 என்பது பல மீட்டர்களில் காணப்படும் எண். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு சாதனத்தை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் பதினாறு துடிப்பு எண்ணினீர்களானால் மணிக்கு 960 ஆயிற்று. 3200ஆல் வகுத்தால் 0.3 யூனிட். பிரிட்ஜும் ஏ.ஸி.யும் விட்டுவிட்டு ஓடுபவையாதலால் அவற்றுக்கு ஒரு நிமிடம் போதாது. ஓர் இரவின் முழு ரீடிங்கே வேண்டும்.

கண்காட்சிகளில் விற்கும் 'பவர் சேவர்' என்னும் சிறு பெட்டியின் மகிமையையும் இவ்வாறே பரீட்சிக்கலாம். உள்ளே பெரும்பாலும் ஒரு கெபாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும்தான் இருக்கும். அது கம்பியில் ஓடும் கரண்ட்டைச் சற்றுக் குறைக்குமேயன்றி, வீட்டு மீட்டர் பதிவு செய்வதும் நாம் பணம் கட்டுவதுமான யூனிட்டைத் தொடாது. 75 வாட் விசிறியை மட்டும் ஓடவிட்டு ஐந்து நிமிடம் எண்ணினால் இருபது துடிப்பு வரும். பெட்டியைச் செருகிவிட்டு எண்ணினாலும் அதே இருபதுதான். பச்சை விளக்கும் எரிகிறதாகையால், பொறுமையோடு நெடுநேரம் எண்ணுகிறவருக்கு ஒன்றிரண்டு கூடுதலாகவே கிடைக்கும்.