துடிக்கும் விண்மீன்கள்

விண்மீன்கள் மாறாத ஒளியுடையன என்று ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1596-ஆம் ஆண்டில் டேவிட் பெப்ரீசியசு என்னும் ஜெர்மானியச் சமயகுரு, சீட்டஸ் என்னும் விண்மீன் குழுவில் ஒரு மீனைக் கண்டார். சில வாரங்களில் அது மங்கி மறைந்தது. 1609-இல் மீண்டும் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. பிற்காலத்தார் அதற்கு 'மிரா' எனப் பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் அச்சொல் வியப்புக்குரியது எனப் பொருள்படும்.

மிரா ஏறத்தாழ 332 நாள்களுக்கு ஒருமுறை ஒளி மிகுந்து, பின் குறைகின்றது. ஒளி மிகும்போது வெறுங்கண்ணுக்குத் தெரியும். குறையும்போது தொலைநோக்கியின்றிக் காண இயலாது. இதற்குக் காரணம் யாது? கொல்லனது துருத்தியைப்போல அம்மீன் விரிந்தும் சுருங்கியும் வருகின்றது. அதன் புறப்பகுதி குளிரும்போது, அங்குள்ள டைட்டேனியமும் ஆக்சிஜனும் கூடி டைட்டேனியம் ஆக்சைடு மிகுதியாகத் தோன்றுகின்றது. இச்சேர்மம் திரைபோல நின்று, கண்ணுக்குப் புலனாகும் ஒளியைத் தடுக்கின்றது. ஆகவே மீன் மங்குகின்றது.

இத்துணைத் தொலைவிலுள்ள பொருளின் இயல்பை அறிஞர் எவ்வாறு அறிந்தனர்? விண்மீனின் ஒளியை நிறமாலைகாட்டியின் வழியே செலுத்தினால், அது வண்ணப்பட்டையாக விரியும். அப்பட்டையில் கருங்கோடுகள் காணப்படும். ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய இடங்களிலேயே கோடுகளை இடும். கைரேகை கொண்டு ஆளை அறிவதுபோல, அக்கோடுகளைக் கொண்டு தனிமத்தை அறியலாம்.

1952-ஆம் ஆண்டில் பால் மெரில் என்னும் அமெரிக்க வானியல் அறிஞர் ஒரு புதுமையை வெளியிட்டார். மிராவைப்போலத் துடிக்கும் ஆர் ஆண்ட்ரொமீடே முதலிய செம்மீன்களின் ஒளியில், டெக்னீசியம் என்னும் தனிமத்தின் கோடுகள் காணப்பட்டன. டெக்னீசியம் நிலைத்து நில்லாத கதிரியக்கத் தனிமம். அதன் வகைகளுள் நெடிது நிற்பதும் ஏறத்தாழ 42 இலட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். அம்மீன்களின் வயதோ பல கோடி ஆண்டுகள். அவை பிறந்தபோது டெக்னீசியம் இருந்திருப்பினும், இன்று அது எஞ்சியிராது. எனவே, அத்தனிமம் அம்மீன்களின் உள்ளேயே பிற்காலத்தில் உருவாகி, மேற்பரப்பை அடைந்தது என்பது தெளிவாயிற்று. விண்மீன்கள் தனிமங்களை ஆக்கும் உலைகள் என்னும் கொள்கைக்கு இஃது உறுதியான சான்றாயிற்று.

துடிக்கும் இம்மீன்கள் தம் புறப்பகுதியைச் சிறிது சிறிதாக விண்வெளியில் உதிர்க்கின்றன. மிரா உதிர்த்த பொருள், 13 ஒளியாண்டு நீளமுள்ள வாலாக நீண்டிருப்பதை அறிஞர் 2007-இல் அறிவித்தனர். இவ்வாறு உதிரும் பொருளிலிருந்து புதிய மீன்களும் கோள்களும் தோன்றக்கூடும். நம் உடலிலுள்ள கார்பனின் ஒரு பகுதியும் பண்டை விண்மீன்கள் இவ்வாறு அளித்த கொடையே ஆகும்.