கடைமடையிலிருந்து சில சொற்கள்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் விவசாயம் பார்க்கிறவன் நான். மேட்டூர் திறந்து ஊரெல்லாம் நாற்று விட்ட பிறகுதான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டும். சில வருஷம் அதுவும் கிடையாது. காவிரிக்காகப் பேசப் புறப்படும் தம்பிகளும் தங்கச்சிகளும் “எங்கேயிருந்து தொடங்குவது ஐயா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் ஊர் வாய்க்காலைத் தலைப்பிலிருந்து கடைசி வயல்வரை நடந்து பாருங்கள். இளவயதில் நான் ஓர் அலுவலகத்துக்குப் போய், “தண்ணீர் வரவில்லை” என்று சத்தம் போட்டேன். “எந்த வாய்க்கால், எந்த மதகு, எத்தனை நாளாக?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஒரு நோட்டோடு கரையேறினேன். பாதி தூரத்தில் ஒரு மதகின் திருகு கம்பி வளைந்து, கதவு மண்ணில் புதைந்து கிடந்தது. அதற்கு மேலே பயிர் பச்சை. கீழே கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வழியெல்லாம் ஆகாயத்தாமரை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு திரும்பப் போனபோது உட்காரச் சொன்னார்கள். அந்த மாதமே கம்பி மாறியது. வடிகாலையும் விட்டுவிடாதீர்கள். கார்த்திகை மழையில் சம்பா அழுகுவது வடிகால் தூர்ந்துபோவதால்தான்.

2. கணக்கு படியுங்கள். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூர் 120 அடிக்கு நிரம்பினால் 93.47 டி.எம்.சி. 2007-ல் காவிரி நடுவர் மன்றம், கர்நாடகம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி.யை எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தர வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யையும் கணக்கில் சேர்த்தார்கள். அதைப் படித்த அன்று என் வீட்டு அடிபம்பைத்தான் நினைத்தேன். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஊற்றி வைத்த செம்பில் மறுநாள் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். ஆற்றில் நன்னீர் குறையக் குறைய, கடல் உள்ளே வருகிறது. இந்த உப்பைப் பற்றிப் பேசக் கடைமடைக்காரனை விட்டால் வேறு ஆள் இல்லை.

3. காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். 1983-ல் மன்னார்குடி ரங்கநாதன் முன்னின்று நடத்திய விவசாயிகள் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கில்தான் 1990-ல் நடுவர் மன்றம் அமைக்க உத்தரவு வந்தது. இறுதித் தீர்ப்பு 2007-ல். அது அரசிதழில் ஏறியது 2013-ல். முப்பது வருஷம்! இந்த வேலைக்கு அவ்வளவு பொறுமை வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப் பத்து ரூபாய் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவின் நகலும் ஒப்புகைச் சீட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

4. நிலம் உள்ளவர் மட்டும் பேசும் கூட்டம் பாதிக் கூட்டம்தான். நடவு நடும் பெண்கள், கூலித் தொழிலாளர்கள், முகத்துவாரத்தில் வலை வீசுகிறவர்கள் எல்லோரையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். எந்த வயலில் உப்பு ஏறியிருக்கிறது என்று நடவுப் பெண்களின் கால்களுக்குத் தெரியும்.

5. கர்நாடக விவசாயியை எதிரி என்று மேடையில் சொல்லாதீர்கள். 2003-ல் இரு மாநில விவசாயிகளும் ‘காவிரிக் குடும்பம்’ என்று கூடி, ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். பற்றாக்குறைக் காலத்தை இரண்டு பக்கமும் எப்படிப் பங்கிடுவது என்பதே இன்றும் தீராத கேள்வி. அதைப் பேசித்தான் தீர்க்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

6. மண்ணுக்கு அடியிலிருந்து வரும் ஆபத்தையும் கவனியுங்கள். டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போன இயற்கை விவசாயி நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டைப் பக்கம் அந்தப் பிரசாரத்தில் இருந்தபோதே மறைந்தார். 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கிராமம் எழுந்தது. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. வந்தபின் பலர் அசந்துவிட்டோம். ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புப் பக்கம் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. எதிர்ப்பு கிளம்பிய பிறகே நீக்கப்பட்டன. சட்டத்தை முழுக்க, வரி வரியாகப் படியுங்கள்.

7. நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லுங்கள். கொள்ளிடத்தில் மணலை அள்ளியதும், ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விட்டதும் அடுத்த மாநிலத்தவர் இல்லை.

8. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். உங்கள் நோட்டில் உள்ளதை அங்கே வாசித்து, தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்னால் தூர்வாரினால்தான் தண்ணீர் எங்கள் ஊர்வரை வந்து சேரும். இந்த வாரமே கரையேறி நடந்து பாருங்கள்.