கேமரா பழுதானால்: கடைக்குப் போகும் முன்பும் போன பின்பும்

டிஜிட்டல் கேமரா பழுதாகும்போது பெரும்பாலோர் கடையில் போய்க் கேட்பது ஒன்றுதான்: “ஓட மாட்டேங்குது, எவ்வளவு ஆகும்?” இப்படிக் கேட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்வதுதான் தொகை. அதையே, “எஃப் 3.5-ல் படம் விழுகிறது, எஃப் 8-க்குப் போனால் எரர் 01 வருகிறது, வேறு லென்ஸ் மாட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். “போர்டு போச்சு” என்று யாரும் உங்களிடம் எளிதில் சொல்லிவிட முடியாது. பழுதை விவரிக்கத் தெரிந்தவருக்கு நியாயமான விலையில் வேலை நடக்கிறது. அந்த விவரத்தை வீட்டிலேயே திரட்டிவிடலாம். கேமராவைப் பிரிக்கத் தேவையே இல்லை. செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் சுவிட்சை அணையுங்கள்

கேமரா கீழே விழுந்திருந்தாலோ நனைந்திருந்தாலோ, வேலை செய்கிறதா என்று உடனே போட்டுப் பார்க்கத்தான் கை போகும். அதை அடக்குங்கள். ஈரமான சர்க்யூட்டில் மின்சாரம் பாய்ந்தால், காய்ந்த பின் பிழைத்திருக்கக்கூடிய கேமராவும் போய்விடும்.

நனைந்த கேமராவை அணைத்து, பேட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். மூடிகளைத் திறந்தே வைத்து, வெளியே உள்ள ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு இரண்டு மூன்று நாள் வையுங்கள். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசித் தூசி இடுக்குகளில் போய்ச் சேரும். ஹேர் டிரையர் சூடு வேண்டாம். ரப்பரும் பசையும் இளகும், ஈரமும் இன்னும் உள்ளே தள்ளப்படும்.

கடல் நீர் பட்டிருந்தால் காயும்வரை காத்திருக்காதீர்கள். நீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடும். அது செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே இருக்கும். பேட்டரியைக் கழற்றிய கையோடு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். “கடல் தண்ணீர் பட்டது” என்று மறைக்காமல் சொல்லுங்கள். எங்கே அரிப்பைத் தேட வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

2. படங்களைக் காப்பாற்றுங்கள்

கேமராவை வேறு வாங்கலாம். எடுத்த படங்களை வாங்க முடியாது. கார்டைக் கழற்றி, கார்டு ரீடர் வழியாகக் கணினியில் நகலெடுங்கள். கணினி “ஃபார்மேட் செய்யவா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். அழிந்ததாகத் தெரியும் படங்கள் பல நேரங்களில் கார்டிலேயே இருக்கும். அவற்றின் மேல் புதிதாக ஏதாவது பதிந்தால்தான் உண்மையில் போகும். போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் அவற்றைத் தேடி எடுத்துத் தரும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிஸ்க்கில் சேமியுங்கள்.

3. செலவில்லாத சோதனைகள்

பழுதென்று நினைத்து எடுத்துச் செல்லும் கேமராக்களில் சிலவற்றின் கோளாறு இந்த இடங்களில்தான் இருக்கும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பேட்டரி: முழுதாக சார்ஜ் செய்த, நல்லதென்று தெரிந்த இன்னொரு பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. உலோக முனைகளில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள்.

பேட்டரி மூடி: பல மாடல்களில் மூடி முழுதாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஒரு சிறு சுவிட்ச் உண்டு. மூடியின் கொக்கி உடைந்தால் கேமரா உயிரற்றதுபோலக் கிடக்கும். பழுது அந்தச் சிறு பிளாஸ்டிக்கில் மட்டும்தான்.

கார்டு: எஸ்டி கார்டின் பக்கவாட்டுப் பூட்டு “லாக்” பக்கம் நகர்ந்திருந்தால் படம் பதியாது. 32 ஜிபிக்கு மேற்பட்டவை எஸ்டிஎக்ஸ்சி வகை. பழைய கேமராக்கள் பல 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகளைத்தான் படிக்கும். பழைய கேமராவில் புதிய 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு “கேமரா கெட்டுவிட்டது” என்று முடிவு கட்ட வேண்டாம்.

செட்டிங்: ஃபோகஸ் ஆகவில்லையென்றால் லென்ஸின் பக்கவாட்டில் உள்ள சுவிட்ச் ஏஎஃபில் (தானியங்கி) இருக்கிறதா, எம்எஃபில் (கைமுறை) இருக்கிறதா என்று பாருங்கள். மெனுவில் எல்லா அமைப்புகளையும் பழையபடி ஆக்கும் ரீசெட் இருக்கும். ஒருமுறை செய்து பாருங்கள்.

4. பழுது பாடியிலா, லென்ஸிலா?

லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவில் செலவைத் தீர்மானிக்கும் கேள்வி இது. நண்பரிடமோ தெரிந்த ஸ்டுடியோவிலோ அதே வகை லென்ஸ் ஒன்றை வாங்கி உங்கள் பாடியில் மாட்டுங்கள். உங்கள் லென்ஸை அவர்கள் பாடியில் மாட்டுங்கள். கோளாறு எதோடு சேர்ந்து போகிறதோ, பழுது அதில் இருக்கிறது.

திரையில் வரும் எண்ணை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். கேனான் கேமராவில் எரர் 01 என்றால் லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளவில்லை என்று பொருள். லென்ஸின் பின்புறப் பொன்னிற முனைகளைக் காய்ந்த, மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். எரர் 02 கார்டு தொடர்பானது. எரர் 20 உள் இயந்திரக் கோளாறு, எரர் 30 ஷட்டர் கோளாறு; இவை இரண்டும் சர்வீஸ் சென்டர் வேலை. நிக்கானில் எஃப்இஇ என்று மின்னினால் அது பழுதே அல்ல. பழைய லென்ஸின் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துவாரம்) வளையத்தை மிகப் பெரிய எஃப் எண்ணுக்குத் திருப்பி வைத்தால் போதும்.

எரர் 01 துடைத்த பிறகும் வந்தால் இன்னொரு சோதனை செய்யுங்கள். கேமராவை ஏவி மோடில் (அப்பர்ச்சரை நாமே தேர்வது) வைத்து, லென்ஸின் மிகப் பெரிய துவாரத்தில், அதாவது எஃப் 3.5 போன்ற அளவில், ஒரு படம் எடுங்கள். பிறகு எஃப் 8-ல் ஒன்று எடுங்கள். முதல் படம் விழுந்து இரண்டாவதில் எரர் வந்தால், லென்ஸுக்குள் அப்பர்ச்சரை இயக்கும் ஃப்ளெக்ஸ் கேபிளோ அதன் மோட்டாரோ போயிருக்க வாய்ப்பு அதிகம். 18-55 கிட் லென்ஸ்களில் அடிக்கடி வரும் பழுது இது. ஜூம் செய்யும்போதெல்லாம் அந்த மெல்லிய கேபிள் மடங்கி மடங்கி அறுந்துவிடுகிறது. பாடிக்கு இதில் எந்தச் சேதமும் இல்லை.

படத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எஃப் 16-ல் எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால் அது சென்சார் மேல் உட்கார்ந்த தூசி. மெனுவில் உள்ள சென்சார் சுத்தம் செய்யும் முறையை ஓட்டுங்கள். போகவில்லையென்றால் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, கைமுறைச் சுத்தத்துக்கான அமைப்பைத் தேர்ந்து, கேமராவைக் குப்புறப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஸ்ப்ரே டப்பாக் காற்றிலிருந்து திரவம் தெறித்துக் கறை படியும்.

லென்ஸுக்குள் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பைக்குள் பூட்டிவைத்த லென்ஸுக்கு இது சாதாரணமாக வரும். ஆரம்பத்திலேயே பிரித்துச் சுத்தம் செய்தால் போய்விடும். நாளானால் கண்ணாடியின் மேற்பூச்சையே தின்றுவிடும். பிறகு துடைத்தாலும் தடம் மறையாது.

சிறிய காம்பாக்ட் கேமராவில் லென்ஸ் பாதியில் நின்று, அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லி எரர் வந்தால், காரணம் பெரும்பாலும் மணல் அல்லது விழுந்த அடி. நல்ல பேட்டரி போட்டு, லென்ஸ் குழாயைச் சுற்றி ப்ளோயரால் ஊதிப் பாருங்கள். கையால் இழுக்கவோ அழுத்தவோ வேண்டாம். உள்ளே இருப்பவை பிளாஸ்டிக் பற்சக்கரங்கள்.

5. பிரிக்காதீர்கள்

வீடியோ பார்த்துக் கேமராவைப் பிரிக்கும் ஆசை பலருக்கு வருகிறது. ஃப்ளாஷ் உள்ள எந்தக் கேமராவிலும் ஏறத்தாழ 300 வோல்ட் ஏற்றிவைக்கும் கெப்பாசிட்டர் உண்டு. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். விரல் பட்டால் பலமாகத் தாக்கும். ஒரு ஸ்க்ரூ திறந்த தடம் இருந்தாலே வாரண்டி மறுக்கப்படவும் கூடும். உங்கள் வேலை வெளியிலிருந்து கண்டறிவது வரைதான்.

6. இலவசமாகச் சரிசெய்ய வழி உண்டா?

பில்லையும் வாரண்டி அட்டையையும் தேடி எடுங்கள். கேமராவின் அடிப்பக்கத்தில் உள்ள சீரியல் எண், அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த “கிரே மார்க்கெட்” கேமராவுக்கு இந்திய வாரண்டி கிடைப்பது கடினம்.

வாரண்டி முடிந்திருந்தாலும் கைவிட வேண்டாம். மாடல் முழுவதிலும் உற்பத்திக் குறை இருந்தால், வாரண்டி முடிந்த கேமராவையும் நிறுவனங்கள் இலவசமாகச் சரிசெய்து தந்ததுண்டு. 2005-ல் சோனி தயாரித்த சிசிடி சென்சார்களில் குறை தெரிந்தது. அந்தச் சென்சாரைப் பயன்படுத்திய கேனான், நிக்கான், ஃபியூஜிஃபிலிம் உள்ளிட்ட பல நிறுவனங்களின் கேமராக்களில் படம் சிதைந்தது அல்லது திரை கறுத்தது. அவற்றை இலவசமாகச் சரிசெய்து தந்தார்கள். நிக்கான் டி600-ல் சென்சார் மேல் திரும்பத் திரும்பப் புள்ளிகள் விழுந்தபோது, 2014-ல் ஷட்டரையே இலவசமாக மாற்றித் தந்தது அந்நிறுவனம். உங்கள் மாடல் பெயரோடு “சர்வீஸ் அட்வைசரி” என்று நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். சீரியல் எண்ணையும் சொல்லிக் கேளுங்கள்.

7. யாரிடம் கொடுப்பது?

வாரண்டி உள்ளவற்றையும், ஷட்டர், சென்சார், மெயின் போர்டு தொடர்பானவற்றையும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே கொடுங்கள். முகவரியை நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். தேடலில் முதலில் வரும் கைப்பேசி எண்களை நம்ப வேண்டாம். ஃப்ளெக்ஸ் கேபிள், பூஞ்சை, உடைந்த மூடி போன்றவற்றை அனுபவமுள்ள தனிக் கடைக்காரர் குறைந்த செலவில் நன்றாகவே செய்வார். அவரைக் கண்டுபிடிக்க உங்கள் ஊர்க் கல்யாணப் புகைப்படக்காரர்களைக் கேளுங்கள். கேமராவைச் சோற்றுக்கு நம்பியிருப்பவர்கள் தவறான கையில் அதைக் கொடுப்பதில்லை.

கேமரா தயாரிப்பையே விட்டுவிட்ட நிறுவனங்களும் உண்டு. கோனிகா மினோல்டா 2006-ல் விலகியது. ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021-ல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனமானது. இப்படிப்பட்ட மாடல்களுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்று தொலைபேசியில் கேட்ட பிறகே பயணப்படுங்கள்.

8. செலவு தகுமா?

எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள். உதிரிபாகம், கூலி, ஜிஎஸ்டி மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். வேலை வேண்டாமென்று திருப்பி வாங்கினால் பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பிறகு அதே மாடல் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். எஸ்டிமேட் அதில் பாதிக்குள் இருந்தால் சரிசெய்யலாம். பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றின் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டவை. நிக்கான் டி850-க்கு அது 2,00,000. அந்த எல்லையை நெருங்கிய கேமராவுக்குப் புது ஷட்டர் போடுவது பயனுள்ள செலவு. மெயின் போர்டை மாற்றுவது பெரும்பாலும் அப்படியல்ல.

9. ஒப்படைக்கும்போது

மெமரி கார்டு, பட்டை, லென்ஸ் மூடி, ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை எல்லாப் பக்கமும் கைப்பேசியில் படமெடுங்கள். சீரியல் எண் தெளிவாகத் தெரியட்டும். நீங்கள் செய்த சோதனைகளையும் வந்த எரர் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பழுதான படங்களின் மாதிரியும் இருந்தால் நல்லது.

ஜாப் ஷீட் வாங்காமல் திரும்பாதீர்கள். அதில் சீரியல் எண், கொடுத்த பொருள்களின் பட்டியல், நீங்கள் சொன்ன பழுது, திரும்பத் தரும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். “என் சம்மதம் இல்லாமல் எஸ்டிமேட்டுக்கு மேல் வேலை செய்ய வேண்டாம், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்” என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

10. திரும்ப வாங்கும்போது

கவுன்டரிலேயே கார்டும் பேட்டரியும் போட்டு, முன்பு எந்தச் சோதனையில் கோளாறு தெரிந்ததோ அதையே திரும்பச் செய்து பாருங்கள். சீரியல் எண்ணைச் சரிபாருங்கள். எல்லா அப்பர்ச்சரிலும் படம் எடுங்கள், ஜூமை முழுக்க ஓட்டுங்கள், ஃப்ளாஷைப் போடுங்கள். பில்லில் மாற்றிய பாகத்தின் பெயரும், அந்த வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதும் இருக்கட்டும்.

11. ஏமாற்றப்பட்டால்

முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் எழுதுங்கள். ஜாப் ஷீட்டை இணையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் தீராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது பில்லும் ஜாப் ஷீட்டும்தான்.

சரியாகி வந்த கேமராவைத் தோல் பையில் பூட்டி அலமாரியில் வைக்காதீர்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி, சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அவ்வப்போது வெளியே எடுத்துப் படம் எடுங்கள். சரிசெய்யவே முடியாத கேமராவைக் குப்பையில் போடாமல் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

இன்றே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். கேமரா நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பில்லையும் வாரண்டி அட்டையையும் சீரியல் எண்ணையும் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பழுது சொல்லிக்கொண்டு வருவதில்லை. வரும்போது காகிதம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.