ஐந்து கட்டம், தெரிந்தது மூன்று எழுத்து: ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பிடிப்பது எப்படி?

காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் ‘வேர்டில்’ ஆடுபவரா நீங்க? இல்லை, பிள்ளையின் ஹோம்வொர்க்கில் வந்த குறுக்கெழுத்துக் கட்டத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு இருப்பவரா? இரண்டு பேருக்கும் சிக்கல் ஒன்றுதான். சொல்லில் மொத்தம் ஐந்து எழுத்து. சிலது தெரியும், மீதி தெரியாது. சொல் நாக்கு நுனி வரைக்கும் வருது, வெளியே வரமாட்டேங்குது.

அப்போது நம்மில் பலர் செய்வது, சொல் தேடித் தரும் ஆப் ஒன்றை இறக்குவது. எங்க அம்மாவும் அதைத்தான் செய்தாங்க. மூன்று நாள் இலவசம் என்றது ஆப். நான்காம் நாள் கணக்கில் 399 ரூபாய் காணோம். ஆப்பை அன்றைக்கே அழித்துவிட்டாங்க. ஆனாலும் அடுத்த மாதம் மறுபடியும் 399. அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில், ஆப் இல்லாமலே தேடிப் பழகலாம்.

ஒரு சின்ன குறிப்பு. தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகள் ‘டி’ என்றே வந்துவிடும். அதனால் இந்தப் பாடத்தில் ‘டீ’ என்று நீட்டி எழுதியிருந்தால், அது ‘டைம்’ என்ற சொல்லில் முதலில் வரும் எழுத்து.

நாம் தடுமாறும் முதல் இடமே காதுதான். தமிழில் பெரும்பாலும் சொல்வதை அப்படியே எழுதிவிடலாம். அதே பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் ஒலியை வைத்துத் தேடுகிறோம். ‘நைட்’ என்று காதில் விழுவது மூன்று ஒலி. எழுதினால் என், ஐ, ஜி, எச், டீ என்று ஐந்து எழுத்து. நடுவில் ஜி, எச் இரண்டும் சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கு. அதனால் வாயால் சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பேப்பரில் ஐந்து கட்டம் போடுங்க.

அடுத்தது, எந்த எழுத்து அதிகம் புழங்குது என்று தெரிந்துகொள்வது. ஆங்கிலத்தில் அதிகம் வருவது ஈ. மோர்ஸ் தந்திக் குறியீட்டில் அதற்கு ஒரே ஒரு புள்ளி கொடுத்ததும், ஸ்கிராபிள் விளையாட்டின் 100 வில்லைகளில் 12-ஐ அதற்கே ஒதுக்கியதும் அதனால்தான். டீ, ஏ, ஓ, ஐ, என், எஸ், ஆர் ஆகியவையும் அடிக்கடி வரும். க்யூ, இசட், எக்ஸ், ஜே அபூர்வம். ஒன்றுமே தெரியாதபோது ‘ரெய்ஸ்’ (ஆர், ஏ, ஐ, எஸ், ஈ) மாதிரி ஒரு சொல்லில் தொடங்குவது நல்லது. ஐந்தும் அடிக்கடி வரும் எழுத்துகள்.

இப்போ ஒரு கணக்கு. நடு எழுத்து ஏ. ஆர், டீ இரண்டும் சொல்லில் இருக்கு, எங்கே என்று தெரியாது. இங்கே ஒவ்வொரு கட்டமாகப் போகாதீங்க. எந்த எழுத்து எதோடு சேர்ந்து உட்காரும் என்று பாருங்க. ஆர், டீ என்ற வரிசை சொல்லின் கடைசியில் வரும்: ஸ்டார்ட், ஸ்மார்ட், சார்ட், ஹார்ட். திருப்பிப் போட்டு டீ, ஆர் என்றால் தொடக்கத்தில் வரும்: ட்ரெயின், ட்ராக், ட்ரெயில். கிராஃப்ட் மாதிரி இரண்டும் பிரிந்து நிற்பதும் உண்டு.

ஐந்து எழுத்தும் தெரிந்து, வரிசை மட்டும் குழம்பியிருந்தால் அவற்றை வட்டமாக எழுதிப் பாருங்க. நேர்கோட்டில் இருந்தால் கண் அதே வரிசையில்தான் படிக்கும். ஈ, ஏ, ஆர், டீ, எச் என்ற ஐந்தை வட்டமாக எழுதினால் ‘ஹார்ட்’ தெரியும். தொடங்கும் எழுத்தை மாற்றிப் படித்தால் ‘எர்த்’ தெரியும்.

நிறைய பேர் கோட்டை விடுவது வேறு இடத்தில். வேர்டிலில் வாய்ப்பு ஆறுதான். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் இருந்து இடம் மட்டும் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல். இரண்டாவது முயற்சியிலேயே கடைசி நான்கும் ஐ, ஜி, எச், டீ என்று பச்சையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சந்தோஷப்படாதீங்க. ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று அன்றாடச் சொல்லே ஏழு இருக்கு. எட்டைக் குறிக்கும் ‘எய்ட்’டும் இதே குடும்பம், சத்தம்தான் வேறு. எட்டுச் சொல், மீதி நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றாகப் போட்டால் பாதி நாள் தோல்விதான்.

அதற்குப் பதில் ‘ஃபிலிம்ஸ்’ போடுங்க. இது விடை இல்லை என்று தெரிந்தேதான் போடுகிறோம். எஃப், எல், எம், எஸ் நான்கையும் ஒரே அடியில் சோதித்துவிடலாம். நான்கும் சாம்பல் என்றால் அடுத்து ‘லேர்ன்’. அதில் ஈ நிறம் காட்டினால் எய்ட், ஆர் காட்டினால் ரைட், என் காட்டினால் நைட், மூன்றும் இல்லையென்றால் டைட். ஐந்தாவது முயற்சிக்குள் விடை கையில். (வேர்டிலில் ‘ஹார்ட் மோட்’ போட்டிருந்தால் இந்த வழிக்கு இடமில்லை.)

இத்தனைக்குப் பிறகும் வரவில்லை என்றால் இணைய அகராதி இருக்கவே இருக்கு. அச்சு அகராதி முதல் எழுத்து வரிசையில் இருப்பதால் சொல்லின் வால் மட்டும் தெரிந்தால் உதவாது. ஒன்லுக் போன்ற இணைய அகராதியில் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுத் தேடலாம். ஒரு கேள்விக்குறி, பின்னாலேயே ஐ, ஜி, எச், டீ என்று போட்டால் மேலே சொன்ன குடும்பம் மொத்தமும் வரும். பிரவுசரிலேயே பார்க்கலாம், எதையும் இறக்க வேண்டாம்.

சரி, அம்மாவின் 399 ரூபாய். ஆப்பை அழிப்பதும் சந்தாவை ரத்து செய்வதும் வேறு வேறு. ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய், அந்தச் சந்தாவை அங்கேதான் ரத்து செய்யணும். யூபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியையும் ஒருமுறை பாருங்க. நீங்க எப்போதோ அனுமதி கொடுத்து மறந்தவை அங்கே வரிசையாக இருக்கும். சொல் தேடும் ஆப் ஒன்று உங்கள் தொடர்பு எண்களையோ எஸ்எம்எஸ்ஸையோ பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்த வேலைக்கு அது தேவையே இல்லை. நீங்க சம்மதிக்காமலே யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்க, வங்கிக்கும் சொல்லுங்க.

அம்மா இப்போ மளிகை ரசீதின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு ஆடுறாங்க. நேற்று அவங்க எனக்குக் கொடுத்த கணக்கு இது: ஐந்து எழுத்து, இரண்டாவது ஏ, கடைசி இரண்டும் ஈ, ஆர். பத்துக்கு மேல் சொல் இருக்கு. ஒன்று உங்க வீட்டுக் குழாயிலேயே வரும்.