போரைக் கடந்து வந்த கண்கள்

‘பைனாகுலர்’ எனப் பலரும் அழைக்கும் இருகண் தொலைநோக்கி, தொலைவில் உள்ளவற்றை அருகில் இருப்பதுபோல் காட்டும் கருவியாகும். ஜெர்மனியின் ஜெனா நகரில் இயங்கிய கார்ல் சைஸ் நிறுவனம், பட்டகங்கள் பொருத்திய தரமான தொலைநோக்கிகளை 1894ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும், ஜெர்மனியை எதிர்த்த நாடுகளுக்கு அவை கிடைக்காமல் போயின.

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, அதன் கடற்படையிடம் போதிய தொலைநோக்கிகள் இல்லை. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலைத் தொலைவிலேயே கண்டால்தான் மாலுமிகள் உயிர் தப்ப முடியும். ஆகவே, கடற்படைத் துணைச் செயலாளராக இருந்த பிராங்கிளின் ரூசவெல்ட், பொதுமக்களிடம் தொலைநோக்கிகளை இரவல் கேட்டார். ‘கடற்படைக்குக் கண்கள்’ என்ற அந்த வேண்டுகோளை ஏற்று ஆயிரக்கணக்கானோர் தங்கள் கருவிகளை அனுப்பினர். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் வழங்கப்பட்டது. போர் முடிந்ததும், அவற்றை உரியவர்களிடமே திருப்பித் தரக் கடற்படை முயன்றது.

போர்க்காலத் தொலைநோக்கிகளை இன்று பலர் ஆர்வத்துடன் சேகரிக்கின்றனர். அவற்றின் மேலுள்ள குறிகளே அவற்றின் வரலாற்றைச் சொல்கின்றன. பிரிட்டிஷ் படையின் கருவிகளில் அகன்ற அம்புக்குறி பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியக் கருவிகளில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாகச் சில எழுத்துகள் மட்டுமே இருக்கும். தொழிற்சாலை எதுவென எதிரி அறியாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

‘7×50’ போன்ற எண்களுக்கும் பொருள் உண்டு. காட்சி 7 மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதை முதல் எண் உணர்த்துகிறது. முன்புற வில்லையின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்பதை இரண்டாம் எண் காட்டுகிறது. 50ஐ 7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7 கிடைக்கும். கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் அது. இருளில் இளைஞரின் கண்பாவையும் ஏறக்குறைய அதே அளவுக்கு விரியும். அதனால்தான் இரவுக் காவலில் இருந்த மாலுமிகளுக்கு இவ்வகைக் கருவி ஏற்றதாக அமைந்தது. விண்மீன்களை நோக்குவோர் இன்றும் இதனை விரும்புகின்றனர்.

எனினும், பழைய கருவியைப் பேணுவது எளிதன்று. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் வில்லைகளின் உட்புறத்தில் பூஞ்சை படரும். கருவி கீழே விழுந்து பட்டகம் சற்று விலகினால், காட்சி இரண்டாகத் தெரியும், தலையும் வலிக்கும். இவற்றைச் சரிசெய்யாவிட்டால் கருவி வெறும் காட்சிப்பொருளாகிவிடும். அதேவேளையில், புதியதுபோல் மின்ன வேண்டும் என்று மேற்புறத்தைத் தேய்த்துச் சாயம் பூசினால், குறிகள் அழிந்து அதன் வரலாறும் மறைந்துவிடும். ஆகவே, உட்புறத்தைத் தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்துத் தூய்மைப்படுத்துவதும், மேற்புறத்தை உள்ளவாறே விட்டுவிடுவதும் சிறந்த வழியாகும். பின்னர், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைக்கலாம். எந்தத் தொலைநோக்கியாலும் சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது, பார்வை பறிபோகும்.

அன்று எதிரியைத் தேடிய வில்லைகள், இன்று பறவையின் சிறகையும் நிலவின் பள்ளங்களையும் காட்டுகின்றன. தேய்ந்த சாயமும் சிறு கீறலும் அக்கருவியைப் பிடித்திருந்த கைகளை நினைவூட்டுகின்றன. அவற்றை அழிக்காமல் கருவியைத் தொடர்ந்து பயன்படுத்துவதே உண்மையான பாதுகாப்பு ஆகும்.